ஒரே வாரத்தில் தெளியும் முகம்

செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்தில் காலை ஏழரை மணிக்கு நின்றால், வேலைக்குச் செல்வோருக்கு நடுவே சீருடை அணிந்த மாணவ, மாணவியரையும் காணலாம். அவர்களில் சிலர் கைப்பேசியின் முன்புறக் கேமராவையே கண்ணாடியாக்கி, நெற்றியையும் கன்னத்தையும் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்த எனக்கு இது புதிய காட்சி அல்ல. அன்று கைக்கண்ணாடி, இன்று கைப்பேசி. ஆனால், அத்தனை ஆண்டுகளில் முகப்பருவைப் பற்றி வகுப்பில் அரைமணி நேரம்கூட நான் பேசியதில்லை என்பதைச் சென்ற பொங்கலன்றுதான் உணர்ந்தேன்.

பண்டிகைக்கு வந்திருந்த என் தங்கை மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கன்னங்கள் இரண்டும் சிவந்து, ஒரே அளவிலான சிறு கட்டிகள் நிறைந்திருந்தன. பொங்கல் பானை அருகே வந்தவள், முகம் எரிகிறது என்று விலகிப் போனாள். என்ன பூசுகிறாய் என்று கேட்டேன். ஜூன் மாதத்தில் நான்கைந்து பருக்கள் வந்தனவாம். வகுப்பில் கேலி செய்தார்களாம். மருந்துக் கடையில் கேட்டபோது ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார்களாம். "ஒரே வாரத்துல போயிடுச்சு மாமா. விட்டா மறுபடி வருது. அதான் விடல" என்றாள். களிம்புக் குழாயை வாங்கிப் படித்தேன். பீட்டாமெத்தசோன், கூடவே ஒரு நுண்ணுயிர்க் கொல்லி. ஏழு மாதங்கள் அதைத் தினமும் பூசியிருக்கிறாள்.

பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த நாள்கள் மட்டும் பூசினால் அருமையான மருந்து. அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கிவிடும். பருவின் மீது பூசினாலும் அதையேதான் செய்கிறது. எனவே, முகம் தெளிந்தது போலத் தோன்றும். ஆனால், பருவுக்குக் காரணமான துளை அடைப்பை அது தொடுவதே இல்லை. நாளடைவில் தோல் மெலியும், நுண்ணிய ரத்த நாளங்கள் விரிந்து வெளியே தெரியும், தேவையற்ற ரோமம் வளரும். போதாக்குறைக்கு, ஸ்டீராய்டே புதிய பருக்களை உண்டாக்கும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். நோய் திரும்பிவிட்டது என்று எண்ணும் பிள்ளை மீண்டும் அதே களிம்பை நாடுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய முகத்தை 'ஸ்டீராய்டால் பழுதுபட்ட முகம்' என்றே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பெயரிட்டழைக்கிறார்கள்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. நாடெங்கிலும் 12 மையங்களில் முகத் தோல் கோளாறுகளுக்காக வந்த 2,926 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011-இல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தவர்கள். அந்த 433 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். சிவப்பழகுக்காகவும் பருவுக்காகவும்தான் பலர் பூசினார்கள்.

மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் 'எச்' பட்டியலில் மேற்பூச்சு மருந்துகளுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து போராடியதன் பின், 2018 மார்ச் மாதத்தில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சு மருந்துகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. ஆக, சட்டம் இருக்கிறது. என் தங்கை மகளிடம் எந்தக் கடையிலும் எவரும் சீட்டுக் கேட்கவில்லை என்பதும் இருக்கிறது. மருந்து ஆய்வாளர்கள் தூக்க மாத்திரைக்குக் காட்டும் கண்டிப்பில் பாதியையாவது இந்தச் சிறு குழாய்களுக்கும் காட்ட வேண்டும். பெற்றோரும் ஒன்று செய்யலாம்: குழாயின் மீது 'சோன்' என்று முடியும் பெயரோ, 'குளோபெட்டசால்' என்ற பெயரோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் பிள்ளையின் முகத்தில் பூசவிடக் கூடாது.

அப்படியானால் எதைத்தான் பூசுவது? பரு அழுக்கினால் வருவதன்று. பதின்வயதில் சுரக்கும் ஹார்மோன்களால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருக்கின்றன, உதிரும் செல்கள் துளையை அடைக்கின்றன, அங்கே இயல்பாகவே வாழும் பாக்டீரியா பெருகுகிறது, வீக்கம் உண்டாகிறது. ஆகவே, சோப்பைப் போட்டு நாளுக்கு ஐந்து முறை தேய்ப்பதால் எரிச்சல்தான் மிஞ்சும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் அவ்வாறே. மென்மையான கழுவியால் இருமுறை கழுவினால் போதும்.

லேசான பருவுக்கு உலகெங்கும் முதல்நிலை மருந்துகளாகக் கொள்ளப்படுபவை இரண்டு. ஒன்று, பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு. இதில் 10 சதவீதம் வாங்கினால் விரைவில் போகும் என்ற எண்ணம் தவறு, 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த எரிச்சலோடு தருகிறது. மற்றொன்று, துளை அடைபடாமல் காக்கும் அடாபலீன் 0.1 சதவீதக் களிம்பு. இரவில், உலர்ந்த முகத்தில், பட்டாணி அளவே எடுத்து, பருவின் மீது மட்டும் புள்ளி வைக்காமல் பரு வரும் பகுதி முழுவதும் மெல்லப் பரப்ப வேண்டும். கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளைத் தனியாகப் பூசினால் பாக்டீரியா அவற்றுக்குப் பழகிவிடும். அதனால்தான் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத் தருகிறார்கள்.

இங்கேதான் சிக்கல். அடாபலீன் பூசத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோல் உரியும், சிலருக்குப் பரு கூடியது போலவும் தெரியும். பலன் தெளிவாகத் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரங்கள் ஆகும். கெடுக்கும் மருந்து ஒரே வாரத்தில் முகத்தைத் தெளிவாக்கிக் காட்டுகிறது. குணமாக்கும் மருந்தோ முதலில் முகத்தைக் கெடுத்தது போலக் காட்டுகிறது. நாளைக் காலை அதே வகுப்புக்குப் போக வேண்டிய பதினாறு வயதுப் பிள்ளை எதை நம்பும்? மருந்தைக் கொடுக்கும்போதே இந்தக் கால அளவைச் சொல்லாவிட்டால், மூன்றாம் வாரத்தில் அது குப்பைக்குப் போகும். கை பழைய குழாயைத் தேடும்.

நம் மாநிறத் தோலில் பரு மறைந்த பின்னும் கறுந்தழும்பு மாதக்கணக்கில் தங்கும். கிள்ளாமல் இருப்பதும், பகலில் வெயில் காப்புக் களிம்பு பூசுவதும் அதைக் குறைக்கும். வலிமிகுந்த பெரிய கட்டிகளோ, குழிவிழும் தழும்புகளோ வந்தால் பூச்சு மருந்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தங்கை மகளைத் திருவள்ளூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஸ்டீராய்டை விடுவித்து எரிச்சல் அடங்கவே மூன்று மாதங்கள் ஆயின. அதன் பிறகே அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் தந்தார். இப்போது பத்தாவது வாரம். கன்னத்தின் சிவப்பு இன்னும் முழுமையாகப் போகவில்லை. புதிய பருக்கள் குறைந்திருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும் என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. தங்கையின் நீலத் தலையணை உறைகள் இரண்டிலும் இப்போது வெள்ளைத் திட்டுகள்.