ஆழ்ந்தவரும் ஆழ்த்தப்பட்டவரும்

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு வியாபாரியை ‘எங்ரோசர்’ என்று அழைத்தால் அது குற்றச்சாட்டு. கதிர் வயலில் நிற்கும்போதே மொத்தத்தையும் வளைத்துப்போட்டு, விலை ஏறியபின் விற்பவர் என்று பொருள். ஆறாம் எட்வர்டு காலத்தில், 1552இல், இவர்களுக்கு எதிராகச் சட்டமே வந்தது. பிடிபட்டால் சரக்கின் மதிப்பும் போகும், சிறையும் உண்டு. மொத்தமாக வாங்குவதைச் சொல்லும் பிரெஞ்சு வழக்கிலிருந்து பிறந்த சொல் இது. மளிகைக்காரரான ‘குரோசர்’ இதற்கு உறவினர். வளைப்பவர்கள் மீது மக்களுக்கிருந்த பயத்தை, 1776இல் ஆடம் ஸ்மித் சூனியக்காரர்கள் மீதான பயத்தோடு ஒப்பிட்டார். 1552ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள், 1772இல், நீக்கப்பட்டிருந்தது. எஞ்சிய தடைகளும் 1844இல் போயின.

இன்று ‘எங்ரோசிங்’ என்பது நூல் மதிப்புரையில் வரும் பாராட்டு. வளைத்துப்போடும் வேலை அப்படியே இருக்கிறது, வளைப்பவர்தான் மாறிவிட்டார். அன்று மனிதர் தானியத்தை வளைத்தார். இன்று நாவலோ திரைப்படமோ மனிதரின் கவனம் முழுவதையும் வளைக்கிறது. ஒன்றில் மூழ்கிப்போவதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் இந்த இடமாற்றத்தைப் பார்க்கிறேன். மூழ்கியவர் போய், மூழ்கடிக்கப்பட்டவர் வந்து நிற்கிறார்.

‘அடிக்ட்’ என்ற சொல்லின் கதை இன்னும் வளைந்தது. பழைய ரோமாபுரியில் கடனைத் தீர்க்க முடியாதவரை நீதிபதி கடன் கொடுத்தவரின் கையில் ஒப்படைப்பார், அவர் ‘அடிக்டஸ்’. ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த அடிமைத்தனம் விருப்பமாக மாறியது. படிப்புக்கோ இறைவழிபாட்டுக்கோ தன்னை முழுவதும் கொடுத்தவரையும் அப்படிச் சொன்னார்கள். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில், ஸ்தேவானுடைய வீட்டார் ஊழியத்துக்கு ‘அடிக்டட்’ ஆனவர்கள் என்றே இருக்கிறது. பெரும் புகழ்ச்சி அது. தமிழ் விவிலியம் அந்த இடத்தில் ஒப்புவித்தலைப் பேசுகிறது. 20ஆம் நூற்றாண்டில் போதைப்பொருள் அந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1982இல் வந்த புதிய கிங் ஜேம்ஸ் பதிப்பு ‘டிவோட்டட்’ என்று மாற்றியது. வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும், தன்னையே எழுதிக்கொடுத்துவிடும் ஈடுபாட்டைச் சொல்ல அவ்வளவு வலுவான சொல் ஆங்கிலத்தில் இப்போது இல்லாமல் போனது எனக்கு இழப்பாகவே படுகிறது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டார வழக்கில் மரப்பாத்திரத்தை ஊறவைப்பது ‘பிஞ்ச்’. பிறகு அது மிதமிஞ்சிய குடி ஆனது. 2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் முதல் பருவத்தின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. இப்படி வருவதை ஒரே மூச்சில் பார்த்துத் தீர்ப்பதுதான் ‘பிஞ்ச் வாட்ச்’. 2015இல் காலின்ஸ் அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது.

இந்தச் சொற்களில் என்னை அதிகம் வருத்துவது ‘ராபிட் ஹோல்’, முயல் வளை. 1862 ஜூலை 4 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு அருகே படகில் போகும்போது, கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன் மூன்று சிறுமிகளுக்குச் சொன்ன கதை, லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865இல் ஆலிஸின் புத்தகமாக வந்தது. ஆலிஸை யாரும் தள்ளவில்லை. ஆவலில் தானே முயலின் பின்னால் ஓடி வளைக்குள் இறங்குகிறாள். விழுவதும் அவசரமில்லாமல்தான்: சுற்றிலும் உள்ள அலமாரிகளைப் பார்க்கிறாள், ஒரு மார்மலேடு ஜாடியை எடுக்கிறாள், அது காலி என்று தெரிந்தும் கீழே யார் தலையிலாவது விழுமே என்று கவலைப்பட்டு வேறொரு அலமாரியில் வைக்கிறாள். விழும்போதும் அவள் அவளாகவே இருக்கிறாள்.

இன்று ‘ராபிட் ஹோல்’ என்றால் ஒரு காணொளி அடுத்ததற்கு இழுத்து, விடியற்காலைவரை கொண்டுபோய்விடுவது. பக்கத்தின் அடியை எட்டியதும் தானாகவே மேலும் திறந்துகொண்டு போகும் முடிவில்லா உருட்டலை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். பக்கம் முடிந்தால் படிப்பவர் ஒரு நொடி நின்று, போதுமா என்று யோசிப்பார். அந்த நொடியைத்தான் அது எடுத்துவிட்டது. அதற்காக அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.