கம்ப்யூட்டர் நின்றுபோனால் கோப்புகளைக் காப்பாற்றுவது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பாத்தியில் கரைந்துபோன உப்பு எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். கடை மேசையிலோ வீட்டு மூலையிலோ இருக்கும் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அந்த நஷ்டம் வெளியே தெரியாது. வியாபாரியின் பற்று வரவுக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், ஸ்டுடியோக்காரர் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

இந்தக் கரையில் கம்ப்யூட்டர் கெட புயல்கூட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மூட்டையில் உப்பு கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே துகள் மதர்போர்டில் படிந்தால், மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகி, செம்பையும் ஈயப் பற்றையும் அரித்துவிடும். ஒருநாள் பொத்தானை அழுத்தினால் திரை இருட்டாகவே இருக்கும்.

அப்போது மனதில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருள் இல்லை. கோப்புகள் ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கின்றன. பவர் சப்ளை, ரேம், மதர்போர்டு, விண்டோஸ் ஆகியவற்றில் எது கெட்டாலும் கம்ப்யூட்டர் நிற்கும். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அந்த நல்ல டிஸ்க்கை அழிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு நாம் காட்டும் அவசரம்தான்.

செய்யவே கூடாதவை

நனைந்த கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். ‘ஒருமுறை போட்டுப் பார்ப்போம்’ என்பதே ஆபத்து. உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் இன்னும் மோசம். அரிசிக்குள் புதைப்பதும் வெயிலில் காயவைப்பதும் உதவாது. நீர் ஆவியானாலும் உப்பு உள்ளேயே தங்கி அரிக்கும்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தமோ உரசும் சத்தமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. முனை தட்டில் உரசினால், ஓடும் ஒவ்வொரு நொடியும் தகவல் சுரண்டப்படும். அந்த டிஸ்க்கை வீட்டிலோ சாதாரணக் கடையிலோ திறக்கக் கூடாது. ஒரு தூசி போதும். தூசியில்லா அறை வைத்திருக்கும் தகவல் மீட்பு நிறுவனம்தான் அதற்கு வழி.

‘ஓ.எஸ். புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்’ என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அப்படிப் போடும்போது பெரும்பாலும் சி டிரைவை அழித்துவிடுவார்கள். நாம் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் வைக்கும் எல்லாம் அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன. முதலில் கோப்பு, பிறகு ஓ.எஸ்.

நீங்களே செய்யக்கூடியவை

நனையாத, சத்தம் போடாத கம்ப்யூட்டர் என்றால் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வந்து விண்டோஸ் மட்டும் திறக்கவில்லை என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு போன்ற இலவச லினக்ஸை பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, நிறுவாமல் ‘முயன்று பார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் திறந்ததும் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

இரண்டாவது வழி: மின்சாரமே வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்புப் பெட்டியில் பொருத்தி, நல்ல கம்ப்யூட்டரில் செருகுங்கள். சாதாரணப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வழி நடக்காது.

புதிய விண்டோஸ் மடிக்கணினிகளில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருக்கலாம். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அதைத் திறக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியபோது, பல அலுவலகங்கள் இந்த எண்ணைத் தேடி அலைந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள்.

கடையில் கொடுக்கும்போது உங்கள் உரிமை

வேலைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். டிஸ்க்கின் வரிசை எண்ணும், ‘அனுமதி இல்லாமல் தகவலை அழிக்கக் கூடாது’ என்ற வரியும் அதில் இருக்கட்டும். பவர் சப்ளையை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டே கொடுக்கலாம். வாரண்டியில் டிஸ்க்கை மாற்றினால் பழையது பெரும்பாலும் நிறுவனத்துக்கே போய்விடும். ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்.

சேவையில் குறைபாடு இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்குத் துணை நிற்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், அதாவது மரக்காணத்துக்காரர்கள் விழுப்புரத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பில்லும் வேலைச் சீட்டும்தான் உங்கள் சாட்சி.

பழுது பார்ப்பவர் உங்கள் கோப்புகளை அனுமதியின்றித் தீய நோக்கத்தோடு நகலெடுத்தால், அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தரங்கப் படங்களைச் சம்மதமின்றிப் பரப்பினால் 66இ பிரிவும் சேரும். பெண்கள் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; குற்றம் பரப்பியவருடையது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

போனதற்கு மாற்று, இருப்பதற்குக் காப்பு

சான்றிதழ் ஸ்கேன்கள் மீளவில்லை என்றாலும் கலங்க வேண்டாம். 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் எடுக்கலாம். அங்கே வழங்கப்படும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையம் இருக்கிறது. ஆனால் கணக்குக்கும் கல்யாணப் படத்துக்கும் அரசு நகல் தர முடியாது.

எனவே முக்கியமான கோப்புக்கு மூன்று நகல் வையுங்கள்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ திண்டிவனத்திலுள்ள உறவினர் வீட்டிலோ ஒன்று. வெளி டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பு.