பழைய கசெட், சிறிய கணினி: தொலைக்காட்சியில் தெரிந்த முகம் ஏன் மாறிப்போனது?

"இது என்ர தம்பி இல்லை. அவன் ஒல்லி. இது ஆரோ கொழுத்த பெடியன்."

தொலைக்காட்சித் திரையைப் பார்த்தபடி பெரியம்மா சொன்னார். ஓடிக்கொண்டிருந்தது 1989 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நடந்த அவரது திருமண வீடியோ. மாப்பிள்ளைத் தோழனாக நின்று செம்புத் தண்ணீரால் மாப்பிள்ளையின் கால் கழுவுபவர் என் மாமா. 2009 இற்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. வீட்டு அல்பங்கள் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. லண்டனில் இருக்கும் உறவினருக்கு அந்தக் காலத்தில் அனுப்பிய கசெட் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அதை அங்கேயே கணினிக் கோப்பாக மாற்றி பென் ட்ரைவில் கொடுத்தனுப்பினார்கள். நான் அதை உள்ளங்கை அளவான சிறு கணினி ஒன்றில் போட்டு, எச்.டி.எம்.ஐ. வயரால் தொலைக்காட்சியுடன் இணைத்தேன்.

படம் ஓடியது. ஆனால் முகங்கள் அகன்றிருந்தன. கை அசைந்தால் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தன. கமரா திரும்பும்போது காட்சி விக்கி விக்கி நகர்ந்தது. கசெட் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கசெட்டில் பிழை இல்லை. மூன்று குறைகளும் அதை இயக்கிய விதத்தில் இருந்தன. இப்படியான கசெட்டுகள் நம்மவர் பலரின் வீடுகளில் இருப்பதால், நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முகம் ஏன் அகன்றது?

பழைய தொலைக்காட்சித் திரையின் அகலமும் உயரமும் 4:3 என்ற விகிதம். இன்றைய திரை 16:9. பழைய படத்தை இழுத்துப் புதிய திரையை நிரப்பினால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். எங்கள் கோப்பை மாற்றியபோது யாரோ அதை 16:9 என்று பதிந்திருந்தார்கள். வி.எல்.சி. மென்பொருளில் விசைப்பலகையின் 'ஏ' எழுத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் விகிதம் மாறும். 4:3 வரும்போது நிறுத்துங்கள். 'கோடி' மென்பொருளில் படம் ஓடும்போது வீடியோ அமைப்புகளுக்குள் சென்று பார்வை முறையை 4:3 ஆக்கலாம். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது குறையல்ல, அதுதான் சரியான படம்.

சீப்புக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன?

இலங்கையிலும் பிரித்தானியாவிலும் இருந்தது 'பால்' முறை. அதில் செக்கனுக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் பதியப்படும். ஒற்றை எண் வரிகள் ஒரு பாதி, இரட்டை எண் வரிகள் மறு பாதி. இரண்டுக்கும் இடையே செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. பழைய குழாய்த் தொலைக்காட்சி இவற்றை மாறி மாறிக் காட்டியதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. இன்றைய திரையில் இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் போட்டால், அந்த இடைவெளிக்குள் நகர்ந்த கை இரண்டு இடங்களில் தெரியும். அதுதான் சீப்புக் கோடு.

இதைச் சரிசெய்வதற்கு 'டிஇன்டர்லேஸ்' என்று பெயர். வி.எல்.சி.யில் 'டி' எழுத்தை அழுத்தினால் அது இயங்கும். முறைகளில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்ந்தால் இரண்டு பாதிகளும் தனித்தனிப் படங்களாகி, செக்கனுக்கு 50 படங்கள் கிடைக்கும். அசைவு அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் பார்த்தது போலவே இருக்கும்.

ஏன் விக்குகிறது?

கணினி பெரும்பாலும் தொலைக்காட்சிக்குச் செக்கனுக்கு 60 முறை படம் அனுப்பும். 25 ஐ 60 இற்குள் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு படம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கமரா நகரும்போது அந்தச் சமமின்மைதான் விக்கலாகத் தெரிகிறது. கணினியின் திரை அமைப்பில் 60 ஹேர்ட்ஸை 50 ஆக மாற்றினால் போதும். 'கோடி'யில் படத்திற்கேற்ப இது தானாக மாறும்படியும் அமைக்கலாம்.

கணினி போதுமா?

பழைய கசெட் கோப்புகளுக்குப் பெரிய வலு தேவையில்லை. ராஸ்பெரி பை 4 போன்ற சிறு கணினியே போதும். கடினமானவை புதிய வீடியோக்கள். கைத்தொலைபேசிகள் இப்போது எச்.இ.வி.சி. என்ற முறையில் 4கே தரத்தில் பதிகின்றன. அதை விரித்துக் காட்டும் தனிப் பகுதி சிப்பிலேயே இருக்கவேண்டும். ராஸ்பெரி பை 4 இலும் 5 இலும் அது உண்டு. 2015 இற்கு முந்திய இன்டெல் கணினிகளில் முழுமையாக இல்லை, அதனால் அவை திணறும். மின் இணைப்பையும் கவனியுங்கள். பை 4 இற்கு 5 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜர் போட்டாலோ காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் வைத்தாலோ வேகம் குறைந்து படம் தடைப்படும்.

செய்யக்கூடாதவை

கசெட்டை மாற்றிய மூலக் கோப்பில் எதையும் திருத்தாதீர்கள். நான் மேலே சொன்னவை எல்லாம் பார்க்கும்போது செய்பவை, கோப்பு அப்படியே இருக்கும். அதை இரண்டு இடங்களில் சேமியுங்கள். கனடாவில் உறவினரிடம் கசெட் இருந்தால், மூலப் 'பால்' கசெட் உண்டா என்று கேளுங்கள். அங்கே பயன்பட்ட 'என்.ரி.எஸ்.சி.' முறைக்கு மாற்றிய பிரதிகளில் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்திருக்கலாம். பிறகு அவற்றை முழுமையாகப் பிரிக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருவதாக ஒரு மருமகன் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். கசெட்டில் இல்லாத கண்ணிமையையும் பல்லையும் அந்த மென்பொருள் தானே ஊகித்து வரையும். படம் தெளிவாகும், ஆனால் ஆள் மாறிவிடுவார். ஒருவருடைய அசையும் உருவம் உலகில் இது ஒன்றுதான் என்றால், மங்கலாக இருந்தாலும் அதுவே உண்மை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கைகளில் படங்களை ஏந்தி இருந்தார்கள். பெரியம்மாவிடம் இருந்தது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த பிரதி மட்டும்தான்.

மூன்றையும் சரிசெய்து மறுபடி போட்டேன். மாமா குனிந்து செம்பைச் சரித்தார். மாப்பிள்ளை மோதிரம் போட்டுவிட, வெட்கத்தோடு நிமிர்ந்து சிரித்தார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"அந்தச் சிரிச்ச இடத்தில நிப்பாட்டி, ஒரு படம் எடுத்துத் தருவியே பிள்ளை?"

தபாலட்டை அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் பெருப்பித்தால் மங்கல்தான் கூடும் என்றேன். "இது காணும்" என்றார்.