ஐந்து பெண்களை விட்டுச் சென்ற தாய்

செலினுக்கு 8 வயது. ஒருநாள் அவளுக்கு ஓர் ஆப்ரிகாட் பழம் கிடைத்தது. மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

செலின் அதைத் தின்னவில்லை. அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று தன் தங்கை தெரேசாவிடம் சொன்னாள். தெரேசாவுக்கு நாலரை வயது. அவளும் சரி என்றாள். குழந்தைகள் பழத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் அம்மாவால் அந்தப் பழத்தைத் தின்ன முடியவில்லை. நோய் அவ்வளவு முற்றி இருந்தது.

இது நடந்தது 1877-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஊர், பிரான்சு நாட்டில் உள்ள அலான்சோன். அந்தத் தாயின் பெயர் ஸெலி மார்ட்டின்.

பழத்தைத் தின்னாமல் வைத்திருந்த சின்னக் குழந்தை தெரேசாதான், பின்னாளில் உலகம் போற்றும் குழந்தை தெரேசம்மாள் ஆனார். "சிறுமலர்" என்று அவரைச் சொல்வார்கள். நம் நாட்டில் அவர் பெயரில் எத்தனையோ கோவில்கள், எத்தனையோ பள்ளிக்கூடங்கள். கல்கத்தா அன்னை தெரசாவும் தமக்குப் பெயர் எடுத்துக்கொண்டது இவரிடம் இருந்துதான்.

மகளைப் பலருக்குத் தெரியும். தாயைத் தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தத் தாய் எழுதிய கடிதங்கள் 200-க்கு மேல் கிடைத்து இருக்கின்றன. நோயாளி இருக்கும் ஒரு வீடு எப்படி இருக்கும், எப்படி இருக்கவேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

லேஸ் பின்னிய கை

ஸெலி அம்மையார் 1831-ல் பிறந்தவர். தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர். இளம் வயதில் கன்னியர் மடத்தில் சேர ஸெலி ஆசைப்பட்டார். மடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்டார். அது லேஸ் பின்னும் தொழில்.

நம் நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்துப் பெண்கள் லேஸ் பின்னிப் பேர் வாங்கியதுபோல, அலான்சோன் பெண்களும் லேஸ் பின்னுவதில் கெட்டிக்காரிகள். அலான்சோன் லேஸ் ஊசியாலேயே செய்யப்படுவது. ஒரே லேசைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல பெண்கள் தைப்பார்கள். பிறகு துண்டுகளை ஒன்றாக இணைக்கவேண்டும். இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் கஷ்டமான வேலை. அந்த வேலையை ஸெலி தம் கையாலேயே செய்வார்.

1853-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெண்கள் தங்கள் வீட்டில் இருந்தபடியே தைத்து, வியாழக்கிழமைதோறும் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

1858-ல் லூயி மார்ட்டின் என்பவரை மணந்தார். லூயி கடிகாரக் கடை வைத்து இருந்தார். அவரும் துறவி ஆக விரும்பியவர். லத்தீன் மொழி தெரியாததால் மடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1870-ல் லூயி தம் கடையை விற்றுவிட்டார். மனைவியின் லேஸ் வியாபாரத்தைக் கவனிக்க வந்துவிட்டார்.

பத்தே நாளில் இரண்டு சாவு

இந்தத் தம்பதிக்கு 9 குழந்தைகள். அவர்களில் 4 பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள்.

ஸெலியின் தகப்பனார் கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் இருந்தார். தள்ளாத வயது. அவரைக் கவனிக்கும் பொறுப்பு ஸெலியின் தலைமேல் இருந்தது. கூடவே சின்னஞ்சிறு பெண்கள். லேஸ் கேட்டு வரும் வியாபாரிகள். கைக்குழந்தையோ நோஞ்சான்.

மருமகன் லூயி, மாமனாரிடம் மிகவும் அன்பாக இருந்தார். மாமனாரிடம் இவ்வளவு நல்லபடியாக நடப்பவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்ற கருத்தை ஸெலி ஒரு கடிதத்தில் எழுதி இருக்கிறார்.

1868-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி கைக்குழந்தை இறந்தது. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 3-ந்தேதி தகப்பனார் இறந்தார்.

ஒரே மாதத்தில் பிள்ளையையும் அப்பாவையும் அடக்கம் செய்த பெண், மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார். நாலு பெண்கள் சாப்பாட்டுக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

11 வருடம் காத்திருந்த கட்டி

ஸெலிக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது. 1865-லேயே அதைப்பற்றித் தம்பிக்குக் கடிதம் எழுதினார். அப்போது வலி பெரிதாக இல்லை. வேலையோ தலைக்கு மேல். கட்டி அப்படியே விடப்பட்டது.

கடைசிக் குழந்தை தெரேசா 1873 ஜனவரி 2-ந்தேதி பிறந்தாள். இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தைக்கு உயிர் போகும் நிலை. தாய்க்குப் பால் கொடுக்க முடியவில்லை. விடியற்காலையில் ஸெலி நடந்தே செமாலே என்ற கிராமத்துக்குப் போனார். பால் கொடுக்க ஒரு குடியானவப் பெண்ணை அழைத்து வந்தார். குழந்தை பிழைத்தது. அந்தக் கிராமத்திலேயே ஓர் ஆண்டுக்கு மேல் வளர்ந்தது.

1876-ம் ஆண்டு முடியும் சமயம். கட்டி பெரிதாகி வலித்தது. டாக்டரிடம் போனார். டாக்டர் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதினார். இதனால் என்ன பயன் என்று ஸெலி நேராகக் கேட்டார். பயன் ஒன்றும் இல்லை, நோயாளிகளின் மன ஆறுதலுக்காகக் கொடுப்பது என்பதுதான் பதில்.

லிசியூ என்ற ஊரில் அவருடைய தம்பி மருந்துக்கடை வைத்து இருந்தார். அங்கே போய் இன்னொரு டாக்டரிடமும் காட்டினார். ஆபரேஷன் செய்யும் காலம் கடந்துவிட்டது என்று அவரும் கையை விரித்தார்.

வீட்டில் சொன்னார்

ஸெலி நோயை மறைக்கவில்லை. டாக்டரிடம் இருந்து வந்ததும் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வீடே அழுதது. மூன்றாவது பெண் லியோனி தேம்பித் தேம்பி அழுதாள். ஏன் சொன்னோம் என்று பிறகு தாய் வருந்தினார்.

உடனே அவர்களைத் தேற்றினார். இந்த நோயோடு பத்து வருடம், பதினைந்து வருடம் இருந்தவர்களை எண்ணிக் காட்டினார். பிறகு வழக்கம்போல் லேஸ் வேலையில் உட்கார்ந்தார். முன்னைவிடக் கலகலப்பாகவே வேலை செய்தார். அதைப் பார்த்துக் குழந்தைகள் சற்றுத் தைரியம் அடைந்தார்கள்.

லூயியைத்தான் தேற்ற முடியவில்லை. அவருக்கு மீன் பிடிப்பது உயிர். அந்தத் தூண்டில்களை எல்லாம் பரண்மேல் போட்டுவிட்டார். நண்பர்களைப் பார்க்கவும் போகவில்லை. மனைவியை விட்டு நகர மனம் வரவில்லை.

லியோனியின் ரகசியம்

ஸெலிக்குச் சாவைப்பற்றிப் பயம் இல்லை. அவருக்கு ஒரே கவலை, லியோனி.

லியோனிக்கு அப்போது 13 வயது. படிப்பு வரவில்லை. சொன்னதைக் கேட்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்து திருப்பி அனுப்பினார்கள். தாய் கொஞ்சினாலும் கிட்டே வரமாட்டாள். இந்தப் பெண்ணை யார் பார்ப்பார்கள் என்று தாய் இரவெல்லாம் கலங்கினார்.

1877-ம் ஆண்டில்தான் உண்மை வெளிவந்தது. அதைக் கண்டுபிடித்தவள் மூத்தமகள் மரி. வீட்டு வேலைக்காரி, யாருக்கும் தெரியாமல் லியோனியை மிரட்டி அடக்கி வைத்து இருந்தாள். தாய் சொல்வதைவிடத் தான் சொல்வதையே கேட்கவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பயமுறுத்தியும் இருந்தாள்.

ஒரே கூரையின் கீழ் இருந்தும் இது தாய்க்குத் தெரியாமல் போயிற்று. வேலை, வியாபாரம், குழந்தைகளின் நோய், தம் நோய் என்று ஓடிக்கொண்டே இருந்தவர் கண்ணில் இது படவில்லை. ஸெலி நொந்துபோனார்.

வேலைக்காரியை நிற்கச் சொல்லிவிட்டார். ஆனால் அவள் எஜமானியம்மாளுக்குக் கடைசிவரை பணிவிடை செய்வேன் என்று அழுதாள். லியோனியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்ற கட்டளையோடு ஸெலி அவளை இருக்கவிட்டார்.

அதன்பிறகு லியோனி தாயை விட்டு நகரவே இல்லை. தாயும் மகளும் புதிதாகச் சந்தித்தவர்கள்போல ஆனார்கள். அதுவரை சாவுக்குத் தயாராக இருந்த தாய், இப்போது பிழைத்து இருக்க ஆசைப்பட்டார். இந்தக் குழந்தைக்கு நான் வேண்டுமே என்று ஏங்கினார்.

லூர்து யாத்திரை

அந்த ஆசையோடுதான் 1877 ஜூன் மாதம் லூர்து நகருக்குப் புறப்பட்டார். தேவமாதா காட்சி கொடுத்த தலம் என்று கத்தோலிக்கர்கள் நம்பும் இடம் அது. மரி, பவுலின், லியோனி மூன்று பேரும் கூடப் போனார்கள். நீண்ட ரெயில் பிரயாணம். உடம்பெல்லாம் வலி. லூர்து ஊற்றின் குளிர்ந்த நீரில் ஸெலி நாலு தடவை இறங்கினார்.

குணம் ஆகவில்லை.

அலான்சோனில் லூயி, இரண்டு சின்னக் குழந்தைகளோடு நல்ல செய்திக்காகக் காத்துக்கொண்டு இருந்தார். செய்தி வரவில்லை. மனைவிதான் வந்தார். கேட்ட வரம் கிடைத்தவர்போலச் சிரித்த முகத்தோடு வந்தார். மனம் உடைந்து கிடந்த கணவருக்கும் மகள் பவுலினுக்கும் நோயாளியே ஆறுதல் சொன்னார்.

பரிசளிப்பு விழா

வீட்டுப் பொறுப்பு மெல்ல மெல்ல மூத்த பெண்ணின் கைக்கு வந்தது. மரிக்கு 17 வயது. செலினுக்கும் தெரேசாவுக்கும் அவளே பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

ஆகஸ்டு மாதம் வீட்டிலேயே ஒரு "பரிசளிப்பு விழா" நடத்தினார்கள். அறையில் மாலை கட்டினார்கள். குழந்தைகள் வெள்ளை உடை உடுத்தி வந்தார்கள். தாயும் தகப்பனும் தலைமை வகித்துப் பரிசு கொடுத்தார்கள். அப்போது தாய்க்கு நாள் எண்ணப்பட்டுக்கொண்டு இருந்தது. ஆனாலும் குழந்தைகளுக்கு விழா நின்றுபோகவில்லை.

அதே மாதம் மரியைப் பிடித்துக்கொண்டு ஸெலி கோவிலுக்குப் பூசை காணப் போனார். ஒவ்வோர் அடியும் வேதனை. 16-ந்தேதி தம்பிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார்.

பகல் நேரத்தில் சின்னக் குழந்தைகள் இருவரையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் காலை ஜெபம் சொல்லாமலே கிளம்பிவிட்டார்கள். அந்த வீட்டு அம்மாளிடம் சொன்னபோது, ஒரு பெரிய அறையில் அவர்களைத் தனியாக விட்டுப் போய்விட்டார். அம்மாவாக இருந்தால் கூட நின்று சொல்லித் தருவாரே என்று இரண்டு குழந்தைகளும் ஏங்கினார்கள். ஆப்ரிகாட் பழம் கொண்டுவந்ததும் இந்த நாட்களில்தான்.

26-ந்தேதி குருவானவர் வந்து அவஸ்தைபூசுதல் கொடுத்தார். கட்டிலைச் சுற்றி ஐந்து பெண்களும் மண்டியிட்டு இருந்தார்கள். தகப்பனார் விம்மினார்.

1877 ஆகஸ்டு 28-ந்தேதி, நள்ளிரவு கழிந்து சற்று நேரத்தில் ஸெலி அம்மையார் காலமானார். வயது 45.

புதிய அம்மாக்கள்

அடக்கம் முடிந்து வீடு திரும்பினார்கள். அம்மா இல்லாத குழந்தைகளே என்று வேலைக்காரி பரிதாபப்பட்டாள். உடனே செலின், மரியின் கைகளுக்குள் ஓடினாள். இனி நீதான் அம்மா என்றாள். தெரேசா பவுலினைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பவுலின்தான் அம்மா.

லூயி நவம்பரில் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு லிசியூவுக்குப் போனார். அங்கே மைத்துனரின் குடும்பம் துணையாக இருந்தது. தாய் இல்லாத பெண்களுக்காக அவர் தம் ஊரையும் நண்பர்களையும் விட்டார்.

பின்னாளில் லூயியும் நோயாளி ஆனார். வாதம் வந்தது. அறிவு தடுமாறியது. மூன்று ஆண்டுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். 1892-ல் வீடு திரும்பியபின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு மகள்கள். ஒருத்தி, அன்று பழம் கொண்டுவந்த செலின். மற்றொருத்தி, தாய் கவலைப்பட்ட அதே லியோனி. லூயி 1894-ல் இறந்தார்.

ஐந்து பெண்களுமே கன்னியர் மடத்தில் சேர்ந்தார்கள். லியோனி மூன்று முறை முயன்று முடியாமல் திரும்பி, நான்காம் முறை 1899-ல் நிலைத்து நின்றாள். 1941-ல் இறக்கும்வரை மடத்திலேயே இருந்தாள். தெரேசா 1897-ல், 24 வயதில் காசநோயால் இறந்தார். 1925-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. 2015 அக்டோபர் 18-ந்தேதி ஸெலிக்கும் லூயிக்கும் ஒன்றாகப் புனிதர் பட்டம் சூட்டினார் போப்பாண்டவர் பிரான்சிஸ். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே நாளில் இந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல்முறை.

நமக்கு

இந்தக் கதையில் நம் வீட்டுப் பெண்களுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று: கட்டியை மறைக்காதீர்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. வலி இல்லையே, வேலை இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். ஸெலியின் காலத்தில் டாக்டர்கள் கையை விரித்தார்கள். இன்று மார்புப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். 11 வருடம் அல்ல, 11 நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு: தாய் படுக்கையில் விழுந்தால், வீட்டில் எல்லோரும் நோயாளியையே பார்ப்பார்கள். ஒரு மூலையில் ஒரு லியோனி பேசாமல் இருப்பாள். அவளையும் பாருங்கள். சாவு தலைமாட்டில் நின்றபோதும் ஸெலி அம்மையார் அவளைத்தான் பார்த்தார்.