புளிப்புக்கு யார் எழுந்திருப்பார்கள்?

சித்தூரில் எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் எப்போதும் சாம்பல் பூத்தது போல ஒரு வெள்ளைப் படிவம். கருங்கல் பாறைக்குள்ளிருந்து ஏறிவரும் போர்த் தண்ணீரின் வேலை அது. நகத்தால் சுரண்டினால் வராது. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் சுர்ரென்று நுரைத்துக் கரையும். சமையல் உப்போ அதே எலுமிச்சைச் சாற்றிலும் பச்சைத் தண்ணீரிலும் ஒரே மாதிரிதான், சத்தமில்லாமல் கரைகிறது. இரண்டும் உப்புதானே?

திருமலை வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் ஒரே நேரத்தில் சுமார் 4,000 பேர் சாப்பிடலாம். பந்தி நிறைந்துவிட்டால் வெளியே நிற்பவர் நிற்கத்தான் வேண்டும். உள்ளே இருப்பவர் எழுந்தால்தான் இடம். தண்ணீரும் அப்படியொரு கூடம். சமையல் உப்புக்கு அதில் தாராளமான இடம், 100 மில்லிக்கு 36 கிராம். அந்த வெள்ளைப் படிவமான கால்சியம் கார்பனேட்டுக்கோ லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம்தான்.

புளிப்பு என்பது ஹைட்ரஜன் அயனி. பந்தியில் இருக்கும் கார்பனேட்டைக் கண்டால் அது விடாது. கார்பன் டை ஆக்சைடாக்கி வாசலுக்கு அனுப்பிவிடும். நீங்கள் பார்த்த நுரை அதுதான். இடம் காலியாக, பாத்திரத்தில் ஒட்டியிருந்தவர் இறங்கி வந்து உட்காருவார், அவரும் கிளப்பப்படுவார். சமையல் உப்பின் குளோரைடு ஹைட்ரஜனோடு ஒட்டுவதில்லை. அதனால் யாரும் எழுவதில்லை. (புளியை இதற்கு வீணாக்காதீர்கள். அதன் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத இன்னொரு உப்பாகிவிடும். புளி பித்தளைக்குத்தான்.)

காரத்தில் கதை தலைகீழ். போர்த் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சலவை சோடா போட்டால் கார்பனேட் கூட்டம் பெருகி, இடமில்லாமல் அடியில் இறங்கும். துணி ஊறவைக்கும் முன் சோடா போடுவது இதற்குத்தான். கால்சியம் ஒதுங்கினால்தான் சோப்பு நுரைக்கும்.

படிகாரம் இவர்களில் விசித்திரமானது. அதிலுள்ள அலுமினியம் புளிப்பிலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். நடுநிலைக்கு அருகில் மட்டும் பஞ்சு பஞ்சாகத் திரளும். கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பது அந்தப் பஞ்சுதான், சேற்றைச் சேர்த்துக்கொண்டு கீழே போகும். ஒரு டம்ளர் படிகாரத் தண்ணீரில் துளி சமையல் சோடா போடுங்கள், வெள்ளையாகத் திரளும். மேலே எலுமிச்சை பிழியுங்கள். நுரை அடங்கும்போது பஞ்சைக் காணோம்.