குழந்தைப் பேதியும் எலெக்ட்ரான் கண்ணும்

கைக்குழந்தைக்குத் திடீரென்று வாந்தி, அடுத்து, நீர் நீராகப் பேதி, கூடவே காய்ச்சல். வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "பல் முளைக்கிறது, அதுதான்" என்பார் ஒருவர். "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்பார் மற்றொருவர். "தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்று தடுப்பார் மூன்றாமவர். முதல் இரண்டும் வெறும் நம்பிக்கைகள். மூன்றாவதோ குழந்தையின் உயிருக்கே உலை வைப்பது. ஏன் என்று பார்ப்போம்.

1970ஆம் ஆண்டுவாக்கில் மருத்துவர்களுக்கும் இந்நோய் ஒரு புதிராகவே இருந்தது. காலரா போன்ற சில பேதிகளுக்குப் பாக்டீரியா காரணம் என்பது தெரியும். ஆனால் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலோரின் மலத்தைச் சோதித்தபோது எந்தப் பாக்டீரியாவும் அகப்படவில்லை. வைரஸாக இருக்கலாம் என்று ஐயுற்றனர். கண்ணால் கண்டவர்தாம் இல்லை.

ஏன் காண முடியவில்லை? இங்கேதான் இயற்பியல் வருகிறது. ஒளி ஓர் அலை. அதன் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியைவிட நெருங்கியுள்ள இரு புள்ளிகளை, எவ்வளவு உயர்ந்த லென்சாலும் பிரித்துக் காட்ட இயலாது. நீல ஒளியின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு 1 நானோமீட்டர்.) ஆகவே 200 நானோமீட்டருக்குக் கீழே சாதாரண நுண்ணோக்கி எதையும் தெளிவாகக் காட்டாது. நாம் தேடும் வைரஸோ ஏறத்தாழ 75 நானோமீட்டர்தான். ஒரு தலைமயிரின் குறுக்கே ஆயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம்!

எலெக்ட்ரானுக்கும் அலைப் பண்பு உண்டு என்று 1924இல் டி பிராய் கூறினார். 1,00,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர், நீல ஒளியின் அலைநீளத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு. எலெக்ட்ரான் கற்றையைக் காந்தச் சுருள்களால் குவித்து உருவம் காட்டும் கருவியை 1931இல் ஜெர்மனியில் நோல், ரஸ்கா ஆகிய இருவரும் அமைத்தனர். அதுவே எலெக்ட்ரான் நுண்ணோக்கி.

1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இக்கருவியின் துணையை நாடினர். பேதி கண்ட 9 குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து மிகச் சிறு திசுத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தனர். 6 குழந்தைகளின் திசுவில் வட்ட வட்டமாக வைரஸ்கள் நிறைந்திருந்தன! அவை சக்கரம் போல் தோன்றியதால் 'ரோட்டா' வைரஸ் என்ற பெயர் வந்தது. இலத்தீன் மொழியில் ரோட்டா என்றால் சக்கரம். இதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவில் ஆல்பர்ட் கபிகியன் இன்னொரு பேதி வைரஸைக் கண்டிருந்தார். அது இன்று நோரோ வைரஸ் எனப்படுகிறது. அடினோ, ஆஸ்ட்ரோ என்று வேறு சில வைரஸ்களும் பின்னர் இப்பட்டியலில் சேர்ந்தன.

ரோட்டா வைரஸ் என்ன செய்கிறது? சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் உள்ளன. அவற்றின் நுனிச் செல்களில் புகுந்து பெருகி, அவற்றை அழிக்கிறது. உறிஞ்ச வேண்டிய நீரும் உப்பும் வெளியேறுகின்றன. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இருக்கக்கூடும். இன்னொரு குழந்தைக்குத் தொற்ற நூறுகூட வேண்டியதில்லை. சுத்தமான வீடுகளிலும் இந்நோய் நுழைவது இதனால்தான். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இவ்வைரஸை ஒன்றும் செய்யா.

குழந்தையைக் கொல்வது நீரிழப்பே. 2013ஆம் ஆண்டில் மட்டும் ரோட்டா வைரஸால் உலகில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் இறந்ததாக மதிப்பிட்டுள்ளனர்.

ஆனால் குடலில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. அழியாது எஞ்சிய செல்கள் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கின்றன. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. உப்பு-சர்க்கரைக் கரைசலின் இரகசியம் இதுதான். 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். உப்பு கூடக்கூடாது. சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. டெல்லியில் 1980களில், பிறந்த குழந்தைகளின் குடலில் நோய் தராமல் தங்கியிருந்த ஒரு ரோட்டா வைரஸ் வகை கண்டறியப்பட்டது. அதிலிருந்து உருவானதே நம் நாட்டின் ரோட்டாவாக் சொட்டு மருந்து. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதித்தபோது, முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா பேதியை அது பாதிக்குச் சற்று மேல் குறைத்தது. 2016 முதல் ரோட்டா தடுப்பு மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்துள்ளது. 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாகத் தரப்படுகிறது.

பாதிக்குச் சற்று மேல்தான் என்பதைக் கவனியுங்கள். சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் பேதி வரலாம். அப்போது "தண்ணீர் கொடுக்காதே" என்று யாரேனும் தடுத்தால், குடலில் இன்னும் திறந்திருக்கும் அந்த வழியைப் பற்றி அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்; சொல்லிக்கொண்டே கரைசலைப் புகட்டுங்கள்.