காணாமற்போன தொழிலாளியைத் தேடும் உரிமை

அக்கரப்பத்தனையின் மேற்கணக்குத் தோட்டங்களில் தேயிலை முடிகின்ற இடத்திலேயே காடு தொடங்கிவிடுகின்றது. கடைசி நிரையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குப் பின்னால், பாசி படர்ந்து முறுக்கேறிய மரங்களும், நண்பகலிலும் விலகாத மூடுபனியும், அவற்றுக்கப்பால் 3,160 ஹெக்டேர் பரப்புள்ள ஹோர்ட்டன் சமவெளித் தேசிய வனமும், 2,388 மீட்டர் உயர்ந்து நிற்கும் கிரிகல்பொத்தச் சிகரமும், ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்துக்குத் திடீரென்று அறுந்து விழுகின்ற உலக முடிவுப் பள்ளமும் இருக்கின்றன. விறகுக்காகவும், மாட்டுக்குப் புல்லுக்காகவும், சில வேளை ஒரு நாட்கூலிக்காகவும் இளவயதினர் இந்த எல்லையைக் கடக்கின்றனர். அவர்களுள் ஒருவன் மாலையில் லயத்துக்குத் திரும்பவில்லையென்றால் செய்யவேண்டியது யாது, சட்டம் அவனுடைய குடும்பத்துக்குத் தந்திருக்கும் உரிமை யாது என்பவற்றை நம் ஜனங்களுள் அநேகர் அறியாதிருப்பதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒருவன் வராதபோது நம்மிடையே முதலில் எழுவது தேடுதலன்று, பேச்சே. "பய கொழும்புப் பக்கம் போயிருப்பான், காசு தீர்ந்தா வந்துருவான்" என்பார் ஒருவர். காணாமற்போனது பெண்ணாயின், அவள் யாரோடோ போய்விட்டாள் என்ற அபவாதம் விளக்கேற்றும் நேரத்துக்குள் லயம் முழுவதும் பரவிவிடும். காட்டு முனி அடித்துவிட்டதென்று சொல்லிக் கைகட்டி நிற்பாரும் உளர். இம்மூன்றும் தேடுதலைத் தாமதிக்கச் செய்கின்ற வார்த்தைகள். ஒரு தொழிலாளி மாயமாய் மறைந்தான் என்று நாம் சொல்லும் சம்பவங்களைக் கூர்ந்து நோக்கினால், அவன் எங்கே போனான், யார் அனுப்பினார், யாருடன் போனான் என்பன எங்கும் எழுதப்படாமையும், எழுதப்படாததால் முதல் மணித்தியாலங்கள் வீணானமையுமே பெரும்பாலும் அவனை மறைத்தன என்பது புலனாகும்.

இதனை மலையகத் தமிழருக்கு வேறெவரும் கற்பிக்கவேண்டியதில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில், தென்னிந்தியாவினின்றும் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட வறண்ட வனாந்தரத்தைக் கால்நடையாய்க் கடந்து மாத்தளைக்கு வந்த நம் மூதாதையருள், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்களைக் கூட்டத்தார் மரநிழலில் விட்டுவிட்டு நடந்தனர். 1849 இல் கொழும்புப் பத்திரிகையொன்று, அத்தசாப்தத்தில் வந்தோருள் எழுபதினாயிரம் பேர் மாண்டிருப்பர் என மதிப்பிட்டது. அது மிகையென்று மறுத்த சரித்திர ஆசிரியரும் உண்டு. ஆயினும் ஏற்பவரும் மறுப்பவரும் ஒருங்கே ஒப்புக்கொள்ளவேண்டிய உண்மையொன்று உண்டு: வந்தவர், திரும்பியவர், இறந்தவர் ஆகிய மூவகையினரின் பெயர்களும் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தால் இவ்விவாதத்துக்கே இடமிருந்திராது. பின்னர், 1901 இல், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டொன்றைத் தொழிலாளியின் கழுத்தில் மாட்டும் முறை வந்தது. அது அவன் எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதைக் காட்டிற்றேயன்றி, அவன் யார் என்பதைக் காட்டவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942, 1943 ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதைக்கு ஜப்பானியரால் கொண்டுசெல்லப்பட்ட தமிழ் இளைஞருக்கும் இதுவே நேர்ந்தது. அதே பாதையில் மாண்ட யுத்தக் கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேர் காஞ்சனபுரியின் ஒரே மயானத்தில் வரிசைக் கல்லறைகளில் உறங்குகின்றனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நம்மவர் எத்தனை பேர் இறந்தனர் என்ற நிச்சயமான தொகைகூட இல்லை. கைதிகளின் அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்தும் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தனர். தோட்டத்துக் கூலியாளுக்கு அத்தகைய பட்டியலை எழுத எவரும் இருக்கவில்லை.

பதிவுகள் மலிந்த செல்வ தேசத்திலும் இத்தகைய துர்ப்பாக்கியம் நேர்வதுண்டு. 1986 இல், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹோல்ஸ் கிறீக் பிரதேசத்தில், பதினாறும் பதினேழும் வயதான இரு பையன்கள், பெற்றோரைப் பிரிந்து வெகுதூரம் பிரயாணஞ் செய்து மாட்டுப் பண்ணை வேலைக்குச் சேர்ந்தனர். அனுபவமற்ற அவ்விருவரையும் ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்திலுள்ள ஒதுக்கிடங்களில் தன்னந்தனியே காவலுக்கு வைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் இருவரும் மறைந்தனர். மறு ஆண்டு ஏப்ரலில், பாலைவன மணலில் புதைந்து நின்ற வாகனமும், அதன் அயலில் அவர்களுடைய எச்சங்களும் கண்டுபிடிக்கப்பட்டன. அவர்கள் ஏன் அத்திசையில் போயினர் என்பது இன்றளவும் தெளிவுறவில்லை. ஆயினும் பருவம் நிரம்பாத தொழிலாளியைத் தனியே வைத்ததும், அவன் நலமாயிருக்கின்றானா என்று நாள்தோறும் விசாரிக்க ஏற்பாடு இல்லாதிருந்ததும் விளக்கம் வேண்டாத குற்றங்களாகும்.

காணாமற்போவதற்குக் காடோ பாலைவனமோ அவசியமுமன்று. அக்கரப்பத்தனைக்கு அணித்தான டயகமத் தோட்டத்திலிருந்து தரகர் ஒருவர் மூலமாகக் கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் இல்லத்துக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமி, 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, பதினாறே வயதில் மரணமானாள். நீதிமன்ற உத்தரவின்பேரில் அவளுடைய சடலம் மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாம் முறை பரிசோதிக்கப்பட்டது. ஒரு பிள்ளை வீட்டைவிட்டுப் போன நாள் முதல் அவளுடைய நிலையை நேரிற் கண்டறிய ஒரு வழியுமில்லையென்றால், அவள் இறந்த பின்னரன்று, போன அன்றே நம் பார்வையினின்றும் மறைந்துவிட்டாள் என்றே நான் கருதுகின்றேன். அதே ஆண்டில்தான் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 14 இலிருந்து 16 ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துதலும் குற்றமாகும். இவற்றை மீறுவோரைப் பற்றித் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் எவரும், பெயர் வெளிவராமலே, அறிவிக்கலாம்.

தோட்டத்திலே காலைதோறும் பெரட்டில் செக்ரோல் எழுதப்படுகின்றது. வந்தவனுக்குப் பெயர் விழும், வராதவனுக்கு விழாது. வராதவனுடைய நாட்சம்பளத்தைக் கழிக்கத் தெரிந்த அப்புத்தகம், அவன் ஏன் வரவில்லை என்று வினவுவதில்லை. சொல்லாமல் இரண்டு நாள் வராத இளந்தொழிலாளியின் வீட்டுக்குக் கணக்கப்பிள்ளையோ நலன்புரி அதிகாரியோ ஆளனுப்பி விசாரிக்க வேண்டும் என்ற ஒரு நியதியைத் தோட்டத் தலைவர்களும் தொழிற்சங்கங்களும் கேட்டு வாங்குவார்களாயின், அது பணச்செலவில்லாத பாதுகாப்பாகும்.

வீட்டாரின் கடமை அதனினும் எளிது. வேலைக்குப் போகும் பிள்ளையின் முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், அண்மைக்காலப் படம், வேலை கொடுப்பவரின் பெயரும் விலாசமும், அழைத்துப்போகும் தரகரின் அடையாள அட்டை இலக்கம், போன திகதி, ஏறிய பஸ் ஆகியவற்றை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி, பிரஜாவுரிமைப் பத்திரத்தை வைக்கின்ற அதே தகரப்பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். கைத்தொலைபேசியில் *#06# என்று அழுத்தினால் தோன்றுகின்ற பதினைந்து இலக்கங்களையும் அதிலே குறித்துவைத்தல் நன்று. சிம் அட்டையை மாற்றினாலும் கருவியை இனங்காண அவ்விலக்கம் உதவும். தரகர் தம் அடையாள அட்டையைக் காட்ட மறுத்தால், அவரோடு பிள்ளையை அனுப்பாதிருத்தலே விவேகம். வஞ்சித்து அழைத்துச்சென்று உழைப்பைச் சுரண்டுதல், 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் பிரகாரம் ஆட்கடத்தலாகும்.

காட்டுக்குள் போவோர்க்கு ஒரு வார்த்தை. நம் மலையில் வழிதவறியவரைப் பெரும்பாலும் கொல்வது சிறுத்தையன்று, ஈரமும் குளிருமே. தை, மாசி மாதங்களில் சமவெளியின் புல்மேல் உறைபனி படிகின்றது. நனைந்த ஆடையோடு ஓரிரவு கழிப்பவனுடைய உடற்சூடு குறையக் குறைய, முதலில் நடுக்கமும், பின்னர் நாக்குழறலும், அதன்பின் புத்திமயக்கமும் உண்டாகும். அம்மயக்கத்தில் அவன் தவறான திசையிலே மேலும் நடப்பான். ஓடையைப் பின்பற்றி இறங்கினால் ஊர் வரும் என்ற நம்பிக்கை வேறிடங்களில் பலிக்கலாம். இங்கேயோ தெற்கே இறங்கும் ஓடைகள் நீர்வீழ்ச்சிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் போய் முடிகின்றன. ஆகையால் வழிதவறியதாக உணர்ந்தவன் நின்ற இடத்திலேயே நின்று, மழைபடாத மறைவைத் தேடி, இடைவிட்டு இடைவிட்டுக் குரல் கொடுப்பதே தேடுவோர்க்கு அவன் செய்யத்தக்க பேருதவி. காட்டோரங்களில் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்குகளோ மனிதனுக்கும் ஆபத்தானவை; 2020 இல் மஸ்கெலியா நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று அத்தகைய சுருக்கில் அகப்பட்டு மாண்டது பலருக்கும் ஞாபகமிருக்கும்.

ஒருவர் வரவில்லை என்று தெரிந்தவுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். இருபத்துநான்கு மணித்தியாலம் கழிந்த பின்னரே முறைப்பாடு ஏற்கப்படும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அப்படி ஒரு சட்டம் இல்லை. இரவாயின் 119 என்ற இலக்கத்தை அழைக்கலாம். வெள்ளமோ மண்சரிவோ காரணமென்று சந்தேகமெழுந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐயும் அழைக்க வேண்டும். தேசிய வனத்துக்குள் தேடுவதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தாரின் உதவியைக் கோருமாறு பொலிஸாரை முதல் நாளே வற்புறுத்தல் நலம். ஊரார் கூட்டமாய் உள்ளே நுழைந்து காலடித் தடங்களை அழித்துவிடாமல், கடைசியாகக் கண்ட இடத்தை ஒருவர் காத்திருப்பது அவசியம்.

மொழி பற்றிய அச்சமே நம் தாய்மாரைப் பொலிஸ் வாசலில் தயங்கி நிற்கச் செய்கின்றது. அரசாங்க அதிகாரிகளோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தந்திருக்கின்றது. குற்றம் பற்றிய தகவலை வாய்மொழியாகச் சொல்லும்போது, சொன்ன மொழியிலேயே அதனை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு. அதிகாரிக்குத் தமிழ் எழுத வராதெனில், முறைப்பாட்டாளரே தம் கையால் எழுதிக் கொடுக்கலாம். அவருக்கும் எழுத இயலாதெனில், அதற்குரிய காரணத்தைக் குறித்துவிட்டு வேறு மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் பொருள் சொல்லிய பின்னரே கையொப்பம் பெறலாம். விளங்காத எழுத்தின் கீழ் ரேகை வைக்க வேண்டாம். முறைப்பாட்டின் இலக்கத்தையும், எழுதிய அதிகாரியின் பெயரையும், நேரத்தையும் கேட்டு அந்தக் கொப்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே பிடிமானம்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தாலும், ஏற்றும் விசாரணையை அசட்டை செய்தாலும், மேலதிகாரியிடத்தும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடத்தும் முறையிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்வதற்கு ஒரு மாதமே தவணையுண்டு. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதியப்பட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் தவணையில் சேராது. நம்மவர் இந்த ஒரு மாதத்தைக் கோயில் நேர்த்தியிலும் குறி கேட்பதிலும் கழித்துவிடுவதை எண்ணி மனம் நோகின்றது. நேர்த்தி வைக்கட்டும், மனுவையும் வைக்கட்டும். ஒருவரை யாரேனும் மறித்து வைத்திருப்பதாக நியாயமான சந்தேகமிருந்தால், அவரை நீதிமன்றத்தின் முன் கொணருமாறு கட்டளையிடும் ஆட்கொணர்வு எழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ கோரலாம். வழக்காடப் பொருளில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. வெளிநாடு சென்றவரின் தொடர்பு அறுந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும்.

தேடியும் கிடைக்காதவரின் குடும்பத்துக்கு வேறொரு துன்பம் காத்திருக்கின்றது. வேலையின்போது ஏற்பட்ட விபத்தில் மரணமென்று நிரூபணமானால், 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வாரிசுகள் நட்டஈடு கோரலாம். ஊழியர் சேமலாப நிதியும் அவர்களுக்குரியது. சடலமோ மரணச் சான்றிதழோ இல்லாதபோது இவ்விரண்டுமே தடைப்படுகின்றன. 2016 இல் ஏற்பட்ட காணாமற்போனோர் அலுவலகமும், அவ்வாண்டிலேயே சட்டமான காணாமைச் சான்றிதழும், யுத்தம், அரசியற் குழப்பம், வலிந்து காணாமலாக்கப்படுதல் முதலிய காரணங்களால் மறைந்தோரை உத்தேசித்தவை. காட்டில் வழிதவறிய விறகுவெட்டிக்கோ, வேலைக்குப் போய்த் திரும்பாத பெண்ணுக்கோ அக்கதவுகள் எளிதில் திறவா. அவர்களுடைய குடும்பத்தார் சட்டத்தரணியின் துணையோடு நீதிமன்றத்தையே நாட வேண்டியவராகின்றனர். அங்கே முதலாவதாகக் கேட்கப்படுவது, காணாமற்போன நாளன்று பதியப்பட்ட பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியே. சாதாரண காரணங்களால் மறைந்தோர்க்கும் அக்காணாமைச் சான்றிதழை விரிவுபடுத்துமாறு நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்றப் பிரதிநிதிகளை நாம் வற்புறுத்த வேண்டும். அது கைகூடும் வரையில், அந்தப் பிரதியைப் பெறாமல் எந்தத் தாயும் பொலிஸ் நிலையத்தைவிட்டு வெளியேறலாகாது.